கொழுப்பு குறைந்தது

ஆய்வுக்கூடத்தில் அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. நாய்களுக்குக் கடிக்கக் கொடுக்கும் குச்சிகளை ருசி பார்த்துத்தான் மதிப்பெண் போடுவாளாம். சுத்தக் கரடி. அவள் எதையும் வாயில் வைத்ததில்லை. மோந்து பார்ப்பாள், அவ்வளவுதான். அதற்கே ‘மோப்பக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பையைப் பிரித்து மூக்கை உள்ளே விட்டு ஒரு இழுப்பு இழுத்தாளானால், கொழுப்பு காறிப்போயிருக்கிறதா, புகை வாசனை நிஜமாகவே புகையில் வாட்டியதா, பாட்டிலில் இருந்து ஊற்றியதா என்று சொல்லிவிடுவாள். மெஷின்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கடைக்குப் போகிற நாய்த் தின்பண்டங்களில் பைமேல் எழுதியிருப்பதும் பைக்குள் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. குச்சியைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். நகம் பதியவில்லை என்றால் நாயின் பல் உடையும். ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு எவ்வளவு உப்புகிறது என்று பார்ப்பாள். கிண்ணத்தில் உப்புவது வயிற்றுக்குள்ளும் உப்பும். பிறகு பொடியாக அரைத்து ஈரம், சாம்பல், நார், புரதம், கொழுப்பு என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்கிற வேலை, அலுப்பான வேலையும்கூட. அவளுக்கு அது பிடித்திருந்தது.

பைகளில் எழுதுகிறவர்கள்மேல்தான் அவளுக்கு மரியாதை கிடையாது. வீட்டுத் தரகர்கூட அவ்வளவு கூசாமல் பேசமாட்டார். ‘கோழிச் சுவை’ என்று போட்டிருந்தால் கோழி அந்தப் பக்கம் நடந்துகூடப் போகவில்லை என்று அர்த்தம். ‘கோழியுடன்’ என்றால் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. ‘இயற்கையானது’ என்பதற்கு அர்த்தமே கிடையாது. புரதம் எக்கச்சக்கம் என்று மார்தட்டுவார்கள். தோலும் முடியும் குளம்பும் எல்லாம் புரதம்தான். உங்கள் பழைய தோல் செருப்பைக் கொண்டுவந்து அரைத்தால் அதுவும் நல்ல மதிப்பெண் வாங்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அவள் இதைச் சொல்லிச் சிரிக்கவைப்பாள். வார்த்தைகளைப் பார்த்து ஏமாறாத ஆள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அவளுக்குக் கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் யார் எந்த இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு தொங்கினாலும் போன் அவருக்குத்தான் வரும். முதல் மனைவி நோயில் இறந்துபோனவள். அவள் பெற்ற பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டில் இன்னும் ‘பாப்பா’தான். அந்த மனைவி விட்டுப்போன இன்னொரு ஜீவனும் வீட்டில் இருந்தது, ஒரு நாய். வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த நாளில் குட்டியாக வந்து, முன்கால்களை நீட்டிப் படுத்து, ஒவ்வொரு ஆளும் ஒழுங்காக வேலை செய்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்ததாம். அதனால் மேஸ்திரி என்று பெயர். பெயர் வைத்ததும் அந்த அம்மாதான். அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் மேஸ்திரி கட்டிலுக்கு அடியைவிட்டு நகரவில்லை என்று கணவர் சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரிக்கு இப்போது வயசாகிவிட்டது. கணையத்தில் கோளாறு. இவள் வருவதற்கு முன்பே ஒரு தடவை செத்துப் பிழைத்திருந்தான். “கொழுப்பான சாமான் இவன் கண்ணுலகூடப் படக்கூடாது. இன்னொரு தடவை வந்தா தாங்க மாட்டான்” என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். அவனுக்குச் சமைப்பது இவள் பொறுப்பானது. கோழியைத் தோலுரித்து வேகவைத்து, ஆறவிட்டு, மேலே படியும் கொழுப்பை ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுத்துவிட்டுச் சாதத்தில் பிசைவாள். தனக்கும் கணவருக்கும் சமைப்பதில் அந்த அக்கறை கிடையாது. ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு துணுக்குகூட அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை.

ஆனால் வாசனை வந்தது. நாள் முழுக்கக் குச்சிகளை அரைக்கிறவளின் பையிலும் துணியிலும் அது ஏறிப்போயிருந்தது. சாயங்காலம் அவள் கதவைத் திறந்ததும் மேஸ்திரி வயசை மறந்து ஓடிவந்து பைக்குள் தலையை நுழைப்பான். வாலை ஆட்டுகிற ஆட்டில் இடுப்பே கழன்றுவிடும் போலிருக்கும். சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் பாப்பா தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

“அவன் உங்ககிட்ட வரல, சித்தி. உங்க பைகிட்ட வர்றான்” என்றாள் ஒருநாள்.

“தெரியும்மா” என்று இவள் சிரித்தாள். சுருக்கென்று தைத்தது. மறுநாளிலிருந்து பையை உயரமான ஆணியில் மாட்டினாள். மேஸ்திரி ஆணிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதனால் பாப்பாவுக்கு இன்னும் எரிச்சல்தான்.

ஒரு காலையில் மேஸ்திரி சாதத்தைத் தொடவில்லை. முன்கால்களைத் தரையோடு நீட்டி, பின்பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டு, யாரையோ கெஞ்சுவதுபோல அப்படியே நின்றான். பிறகு மஞ்சளாக வாந்தியெடுத்தான். அந்த நிலையைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கணையம் நோகிற நாய் அப்படித்தான் நிற்கும். மூவருமாக அவனைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா வயிற்றைத் தொட்டதும் மேஸ்திரி முனகினான். ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், மருந்து ஏற்ற முன்காலில் மயிரை மழித்தார்கள்.

“என்ன குடுத்தீங்க?”

“வழக்கமானதுதான். கோழியும் சாதமும்” என்றார் கணவர்.

“கோழியும் சாதமும் இப்படிச் செய்யாது. நல்லா கொழுப்பு உள்ள போயிருக்கு, ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க, நான் திட்ட மாட்டேன்.”

கணவர் திரும்பி இவளைப் பார்த்தார். பாப்பா இவளைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

“நான் எதுவும் குடுக்கல” என்றாள் இவள்.

“உங்களை யாரும் கேக்கலையே” என்றாள் பாப்பா.

மேஸ்திரியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போது கணவர் மெதுவாக ஆரம்பித்தார். “பையில ஏதாவது துண்டு கிண்டு ஒட்டிட்டு வந்திருக்கும். கீழ விழுந்திருக்கும். நீ என்ன வேணும்னா செஞ்ச? விடு, மனசுல வச்சுக்காத.” திட்டியிருந்தால் இவள் பதிலுக்குத் திட்டியிருப்பாள். மன்னித்துவிட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்குவதைப்போல எரிகிற விஷயம் வேறு இல்லை. பின் ஸீட்டில் பாப்பா வாய் திறக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மேஸ்திரி அங்கேயே போய்விட்டான். பாப்பா பக்கத்தில்தான் இருந்தாள், அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் மேஸ்திரியின் தட்டைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்துவைத்தாள். பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“எங்கம்மா இருந்திருந்தா அவன் செத்திருக்க மாட்டான்” என்றாள்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. உப்பு எடுத்துக் கொடு, கதவைச் சாத்து என்ற அளவில் பேச்சு நின்றது. இவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பாப்பாமேல், ‘விடு’ என்று சொன்ன கணவர்மேல், சொல்லக் கூசினாலும், சுவரில் மாட்டிய படத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்த முதல் மனைவிமேலும்கூட. இருக்கிறவளோடு மல்லுக்கு நிற்கலாம். போனவள் இனித் தப்பே செய்யமாட்டாள். அவளோடு என்ன போட்டி போடுவது? இந்த வீட்டில் எத்தனை வருஷம் இருந்தாலும் நாயைக் கொன்றவளாகத்தான் இருக்கப்போகிறோம் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது.

விடுமுறை நாளில் துணி துவைக்கப் போட்டாள். பாப்பாவின் பள்ளி ஜாக்கெட்டில் உள்பாக்கெட் கனத்தது. கையை விட்டாள். ஒரு சின்னப் பை வந்தது. வாயை மடித்து, பாப்பாவின் தலைக் கிளிப்பால் இறுக்கி மூடியிருந்தது. கிளிப்பை எடுப்பதற்கு முன்பே அவள் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. நாய் கடிக்கும் குச்சி. தோலில் செய்தது. பாதிக்கு மேல் காலி.

அவளுக்கு முதலில் வந்தது துக்கம் என்று சொன்னால் அது பொய். சந்தோஷம்தான் வந்தது. ‘அப்பாடா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேரும் உட்கார்ந்ததும் இதை மேசை நடுவில் வைக்கவேண்டும். ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். கணவரின் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோது அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. அன்று கணவருக்கு ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோய் சாப்பாட்டுக்கு வர முடியவில்லை. அதனால் மட்டுமே அது நடக்கவில்லை.

மறுநாள் பையை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போனாள். கையில் ஒரு எண் இருந்தால் யாரும் பூசி மெழுக முடியாது என்பது அவள் கணக்கு. கிளிப்பைப் பாப்பாவின் மேசையிலேயே வைத்துவிட்டாள். ஒரு குச்சியை அரைத்து, மற்றச் சாம்பிள்களோடு சேர்த்துக் கொழுப்பெடுக்கும் கருவியில் வைத்தாள். கரைப்பான் ஆவியாகிப்போன பிறகு கண்ணாடிக் குடுவையின் அடியில் கொழுப்பு தங்கியிருந்தது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற கனத்துக்கு, தேன் நிறத்தில். எடை போட்டாள். நூற்றுக்கு முப்பதை ஒட்டி வந்தது. பைமேல் எட்டு என்று போட்டிருந்தது.

“பாருங்க, என்ன அநியாயம்!” என்று பக்கத்து மேசைக்காரரிடம் நீட்டினாள். அவர் லேபிள்களைச் சரிபார்க்கிறவர்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். “இதுல என்ன அநியாயம்? குறைந்தது எட்டுன்னுதானே போட்டிருக்கான். முப்பது இருக்கு. பாஸ்.”

“முப்பதுங்க!”

“எட்டுக்குக் கீழ போனாத்தான் தப்பு. மேல எவ்வளவு வேணா போகலாம். கம்பெனிக்காரன் புரதத்தையும் கொழுப்பையும் கம்மி பண்ணி ஏமாத்தக்கூடாதுன்னு போட்ட விதிதானே இது. நீங்க எனக்குச் சொல்லித் தருவீங்க, இன்னிக்கு நான் உங்களுக்குச் சொல்றேன்” என்று சிரித்தார்.

அவர் சொன்னதைத்தான் அவளும் ஊருக்குச் சொல்வாள். இந்த விதி அவளுக்குத் தன் பெயரைப்போலத் தெரியும். நாயைப் பட்டினியில் இருந்து காக்க வந்த விதி; கொழுப்பு ஆகாத நாயைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அது சரி. அப்படியானால் பாப்பா ஏன் இதை வாங்கினாள்? தான் கேக் சாப்பிடும்போதுகூட, மேஸ்திரி நக்கிவிடுவானோ என்று தரையில் விழுந்த துகளை விரலால் ஒற்றியெடுக்கிற பெண். எந்தப் பையையும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் திறக்காதவள். அவள் இதையும் படித்திருப்பாள். படித்துவிட்டுமா கொடுத்தாள்?

பையைத் திருப்பினாள். பொருள்கள்: விலங்குத் தோல், உப்பு, புகைச் சுவையூட்டி. அதற்குக் கீழே நான்கு வரி.

புரதம் குறைந்தது 45%
கொழுப்பு குறைந்தது 8%
நார் 2%க்கு மிகாமல்
ஈரம் 14%க்கு மிகாமல்

ஆயிரம் தடவை பார்த்த வரிகள். இந்த முறை பாப்பா எப்படிப் படித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு படித்தாள். கொழுப்பு. குறைந்தது. இரண்டு சொற்களும் அவள் கண்ணெதிரே புரண்டு படுத்தன. கொழுப்பு குறைந்தது, வெறும் எட்டே எட்டு சதவீதம். கடையில் நின்று கவலையோடு படிக்கிற யாரும் வேறெப்படிப் படிப்பார்கள்? இத்தனை வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தும் அது அவள் கண்ணில் பட்டதே இல்லை, அர்த்தம் தெரிந்தவள் என்பதால்.

அதைவிடப் பெரிய இடி பின்னாலேயே வந்தது. இந்தப் பை முதலில் இப்படி இல்லை. அச்சுக்குப் போகும் முன்பு பார்வைக்கு வந்தபோது ‘குறைந்தபட்சம்’ என்றுதான் இருந்தது. சின்னப் பை, நீளமான சொல். அது வரியைத் தாண்டிப் படத்திலிருந்த நாயின் காதில் ஏறிவிட்டது. கம்பெனியிலிருந்து போன் செய்து என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். அவள் அப்போது தராசில் ஏதோ எடை போட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தாமல், “‘குறைந்தது’ன்னு போட்டுக்குங்க. ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொன்னாள். நல்ல யோசனை என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு மேசை நடுவில் வைக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாளே, அந்தப் பையை இப்போது அவளால் கையில்கூட வைத்திருக்க முடியவில்லை.

அன்றைக்கே தலைமை அதிகாரியிடம் போய், ‘8%க்குக் குறையாமல்’ என்று மாற்றச் சொன்னாள். “யாராவது புகார் குடுத்திருக்காங்களா?” என்று அவர் கேட்டார்.

“நாய் புகார் குடுக்காது சார்.”

அவர் சிரித்தார், இவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கம்பெனிக்குப் போன் போட்டார். மாற்றிவிடுகிறோம், ஏற்கெனவே அடித்த பைகள் தீரட்டும் என்றார்கள். கடைகளில் கிடப்பதை என்ன செய்வது என்று கேட்டதற்கு மேலே பேசிச் சொல்கிறோம் என்றார்கள்.

வீட்டில் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சொன்னால் அவள் பெயர் துலங்கும். ஆனால் அம்மாவின் நாயைத் தன் கையாலேயே ஊட்டிக் கொன்றதாக அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள். வேண்டாம். பழியை நானே வைத்துக்கொள்கிறேன், நான் பெரியவள், தாங்கிக்கொள்வேன் என்று நினைத்தாள். நினைக்கும்போது நெஞ்சு விம்மியது. தியாகியாவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அதற்குள் ஒரு சௌகரியமும் பதுங்கியிருந்தது: வாயைத் திறக்காவிட்டால் அந்தச் சொல்லைப் போட்டது யார் என்ற கேள்வியும் வராது. அது அவளுக்கே தெரிந்திருந்தது, தெரியாததுபோல இருந்தாள்.

இரண்டொரு நாள் அப்படி ஓடியது. ஒரு சாயங்காலம் அவள் கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது பாப்பா வந்து நின்றாள்.

“என் ஜாக்கெட் பாக்கெட்ல ஒரு பை இருந்துச்சு.”

“நான் பார்க்கலையே.”

“பார்த்திருக்கீங்க. கிளிப் என் மேசையில இருக்கு.”

கையும் களவுமாக மாட்டிக்கொண்டவள் சட்டையின் காலரையே மறுபடி மறுபடி தேய்த்தாள்.

“அது ஒண்ணும் தப்பான சாமான் இல்ல சித்தி. நான் படிச்சுப் பார்த்துத்தான் வாங்கினேன். கொழுப்பு குறைஞ்சது.” பாப்பாவின் குரல் வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. “அவன் எப்பப் பார்த்தாலும் உங்க பைக்குக் கீழயே உக்காந்திருந்தான். எங்கிட்டயும் ஒண்ணு இருந்தா வருவான்னு... வந்தான். ஸ்கூல்ல இருந்து வந்ததும் எங்கிட்டதான் வந்தான்.”

இவள் காலரிலிருந்து இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள்.

“அதைக் குடுங்க. என் ஃப்ரெண்டு வீட்டு நாய்க்கும் இதே கணையம்தான். கொழுப்பு கம்மியானது ஒண்ணு இருக்குன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். மிச்சத்தைத் தர்றேன்னேன். அவளே இன்னிக்குக் கடையில வாங்கிக்கிறேன்னு சொல்லிட்டா, ஆனா எனக்கு அது வேணும், அது மேஸ்திரியோடது.”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “அவளுக்கு போன் பண்ணு. குடுக்க வேணாம்னு சொல்லு.”

“ஏன்?”

“முதல்ல பண்ணும்மா.”

“ஏன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நான் ஏன் கேக்கணும்?”

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. பூஞ்சை பிடித்த சரக்கு, திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரிந்தது. அந்தப் பூஞ்சையைத்தானே மேஸ்திரி தின்றான்? எந்தப் பொய்யைச் சொன்னாலும் அது இந்தப் பெண்ணின் கையில்தான் வந்து நிற்கும். பெரிய தியாகம் எல்லாம் இவ்வளவுதான் தாங்கியது.

“அதுல கொழுப்பு ரொம்ப இருக்கு பாப்பா. நான் அரைச்சுப் பார்த்தேன். முப்பது சதவீதம். ‘குறைந்தது எட்டு’ன்னா எட்டுக்குக் கீழ போகாதுன்னு அர்த்தம். மேல எவ்வளவு வேணா இருக்கலாம்.”

பாப்பா அவளையே பார்த்தாள். உதடுகள் மெல்ல அசைந்தன. அந்த இரண்டு சொற்களையும் தனக்குள் சொல்லிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு போனை எடுத்தாள். “குடுத்துட்டியா? ... குடுக்காத. ப்ளீஸ், பையைத் தூக்கிப் போடு. அப்புறம் சொல்றேன்.” போனை வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

“தினமும் குடுத்தேன்” என்றாள். “புரதமும் குறைஞ்சதுன்னு போட்டிருந்துச்சு. வயசான நாய்க்கு அதுவும் கம்மியா இருந்தா நல்லதுதான்னு நினைச்சேன்.”

“நீ படிச்சதுல தப்பே இல்லம்மா. அப்படி எழுதினா யாரும் அப்படித்தான் படிப்பாங்க. எழுதினது தப்பு.” இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். “எழுதச் சொன்னது நான்.”

“நீங்களா?”

“நான்தான். வேற சொல் இருந்துச்சு. இடம் பத்தலைன்னு கேட்டாங்க. ரெண்டும் ஒண்ணுதான், இதைப் போடுங்கன்னு சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கல.”

“அப்ப நீங்கதான்.”

“ஆமா.”

பொய்யாக இதே பழி வந்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இப்போது எரியவில்லை. அவளும் இஸ்திரி மேசையின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள், பாப்பாவுக்கும் தனக்கும் நடுவில் மேஸ்திரி நீட்டிப் படுக்கிற அளவு இடம் விட்டு.

“அப்பாகிட்ட என்னைச் சொல்லப் போறீங்களா?”

“என்னைத்தான் சொல்லப் போறேன்.”

“நான் குடுத்ததை?”

“அதை நான் சொல்ல மாட்டேன். நீயா சொன்னா சொல்லு.”

அப்போதுதான் பாப்பா அழுதாள். மேஸ்திரி செத்த அன்று அழாததையும் சேர்த்து, குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு, அழகில்லாமல் அழுதாள். இவள் கையை நீட்டவில்லை. நீட்ட உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. இவளுக்கும் கண்ணீர் வழிந்தது. மேஸ்திரியை அவளும் நேசித்தாள். பையைத் தேடித்தான் வருகிறான் என்று தெரிந்தும் சாயங்காலமானால் கதவருகே வரும்போதே நடை வேகமாகிவிடும். அதை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

கணவர் சாவி போட்டுத் திறந்துகொண்டு வந்தார். தோளில் கருவிப் பை, கையெல்லாம் கிரீஸ். விளக்குப் போடாத கூடத்தில் மனைவியும் மகளும் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்னாச்சு? யாருக்கு என்ன?”

அவள்தான் ஆரம்பித்தாள். “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் வேலையில நான்...”

“அப்பா” என்று பாப்பா குறுக்கிட்டாள். முகத்தைச் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தாள். “மேஸ்திரிக்கு ஆகாததைக் குடுத்தது நாங்கதான்.”

“நாங்கன்னா?”

“நானும் சித்தியும். நாங்க ரெண்டு பேரும்தான்.” தன் பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினாள். “நீ உக்காருப்பா. சொல்றோம்.”